மேல் இறக்கை

பைலட்டை முதலில் கைவிட்டது அவருடைய கைகள்தான். வயல்களுக்கு மேல் தாழப் பறந்து மருந்து தெளிக்கும் சின்ன விமானத்தை வருடக்கணக்கில் ஓட்டியவர். ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. கொஞ்ச நாளில் பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. நரம்பு டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். தசைகள் ஒவ்வொன்றாக ஓயும், கடைசியில் மூச்சும் ஓயும், குணமாக்க மருந்து கிடையாது.

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்ததும், அலமாரி மேல் பிரிக்காமலே கிடந்த ஓர் அட்டைப்பெட்டியை இறக்கச் சொன்னார். அவர் பறக்கக் கற்றுக்கொண்ட பழைய ரக விமானத்தின் மாடல் அதற்குள் இருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரட்டை இறக்கை. நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் பாகங்கள், சில அரிசியைவிடச் சின்னவை. எல்லாவற்றையும் அவை ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்து, ராவி, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். அதைக்கூடச் செய்துவிடலாம். கீழ் இறக்கை மேல் குச்சிகளை நிறுத்தி, அவற்றின்மேல் அடுத்த இறக்கையைக் கோணாமல் உட்காரவைத்து, நடுவே குறுக்கும் நெடுக்குமாகத் தலைமுடி போன்ற கம்பிகளை இழுத்துக் கட்டுவதுதான் உயிரை வாங்கும் வேலை. கை நன்றாக இருந்த காலத்திலேயே அவர் அதைத் தொடத் தயங்கியிருந்தார்.

தங்கைக்குப் போன் போட்டார். அவள் பல் செட் செய்கிறவள். மெழுகும் அரமும் இடுக்கியுமாகப் பகலெல்லாம் குனிந்து உட்கார்ந்து, முகம் தெரியாத யாருக்கோ கடைவாய்ப்பல் செதுக்கிக்கொண்டிருப்பாள்.

"ஊர்ல இருக்கறவன் வாய்க்கெல்லாம் பல்லு கட்டறே. எனக்கு ரெண்டு ரெக்கை கட்டித் தர மாட்டியா?"

வேலை முடிந்ததும் அவள் நேராக அண்ணன் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். ஜன்னலோர மேசையில் அவள் ஒட்டுவாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வார். பெயிண்ட் தடித்துவிட்டது என்பார். இது என்ன இஞ்சினா, இட்லித் தட்டா என்பார். அவளும் சளைத்தவள் இல்லை, பதிலுக்குப் பதில் பேசுவாள். ஸ்கூல் டீச்சரான அண்ணி உள்ளறையில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே இரண்டு பேரையும் சேர்த்து அதட்டுவார்.

அண்ணி கடைக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், அவர் விஷயத்துக்கு வந்தார்.

"மூச்சு விட முடியாம போனா தொண்டையில ஓட்டை போட்டு மெஷின் வெப்பாங்களாம். எனக்கு அது வேண்டாம். அப்ப என்னால பேச முடியாது. நீதான் சொல்லணும்."

"அண்ணிகிட்ட சொல்லு."

"அவ தாங்க மாட்டா. உனக்குத்தான் கல்லு நெஞ்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் பல வாரம் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. அண்ணி போன் செய்தபோதெல்லாம் வேலை தலைக்கு மேல் இருப்பதாகச் சாக்குச் சொன்னாள்.

மனசு கேட்காமல் மறுபடி போனபோது, மேசையில் விமானம் கோணிக்கொண்டு நின்றது. அண்ணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வளையாத விரல்களால் அவரே கீழ் இறக்கையை ஒட்டப் பார்த்திருக்கிறார். பசை வழிந்து பிளாஸ்டிக் உருகியிருந்தது. அதில் அவருடைய பெருவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. சொன்னால் கேட்டால்தானே என்று அண்ணி முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை பையிலிருந்து மெல்லிய ரம்பத்தை எடுத்து, இறக்கையை அடியோடு அறுத்தெடுத்தாள். ரேகையை உப்புத்தாளால் தேய்த்து அழித்தாள்.

"சரி, சொல்றேன்," என்றாள். "ஆனா முதல்ல நீ அண்ணிகிட்ட பேசிடு."

அவர் தலையாட்டினார்.

பேசவில்லை. இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று அவளும் விட்டுவிட்டாள். பேச்சு குழறி, பிறகு நின்றே போனது. ஆமாம் என்றால் கண்ணை ஒரு தடவை மூடுவார், இல்லை என்றால் இரண்டு தடவை. மேல் இறக்கையை வைப்பதற்கு முன்பே சளி நெஞ்சில் கட்டி, மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மெஷின் வைக்கலாமா என்று டாக்டர் கேட்டார். வையுங்கள் என்று அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம்னு என்கிட்ட சொல்லியிருக்கார்," என்றாள் தங்கை.

அண்ணி திரும்பிப் பார்த்தார். "என்கிட்ட சொல்லாததை உன்கிட்ட சொன்னாரா?"

அவருக்கு நினைவு தெளிவாக இருப்பதாகச் சொன்ன டாக்டர், அவரையே கேட்டுவிடுவோம் என்று குனிந்தார். வைக்கட்டுமா? பைலட்டின் கண்கள் தங்கையிடம் வந்தன, பிறகு மனைவியிடம் போய் நின்றன. ஒரு தடவை மூடித் திறந்தார். டாக்டர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் ஒரே தடவைதான்.

அண்ணி அவர் கால்மாட்டில் முகம் புதைத்து அழுதார். தங்கை வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பிறகு அவர் வீட்டுக்கு வந்தார், தொண்டையில் குழாயோடும் தலைமாட்டில் ஓயாமல் இரையும் மெஷினோடும். அண்ணி அவளைக் கூப்பிடவில்லை. பார்க்கப் போனால் வாசலிலேயே, தூங்கறார் என்று சொல்லி அனுப்பினார். எம் புருஷன் செத்தா போதும்னு நின்னாளே என்று சொந்தக்காரர்களிடம் அண்ணி சொன்னது அவள் காதுக்கும் வந்தது. அவள் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை.

பல மாதம் கழித்து அண்ணியே போன் செய்தார். குரலில் பழைய ஒட்டுதல் இல்லை.

"அவர் பார்வை அந்த மேசை மேலயே இருக்கு. வந்து முடிச்சுக் கொடு."

கட்டிலருகே மேசையை இழுத்துப் போட்டு, அவள் விமானத்தின் மேல் இறக்கையை ஏற்றினாள். சாய்வு சரியா என்று கேட்பாள், இரண்டு தடவை மூடுவார், நகர்த்துவாள். ஒவ்வொரு கம்பியையும் அவர் கண்தான் முடிவுசெய்தது. அந்த நேரத்தில் மட்டும் அவர் முகத்தில் பழைய ஆள் தெரிந்தார்.

கடைசிக் கம்பியைக் கட்டியபோது அண்ணி அறையில் இல்லை. அவள் அவர் காதருகே குனிந்தாள்.

"அன்னிக்கு உனக்குப் பயமா இருந்துச்சா? இல்லை, அண்ணிக்காகவா?"

ஒரு தடவையும் இல்லை, இரண்டு தடவையும் இல்லை. அவர் கண்ணை மூடவே இல்லை. நீர் கட்டும் வரைக்கும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பஞ்சால் துடைத்துவிட்டாள்.

கிளம்பும்போது அண்ணி வாசல் வரைக்கும் வந்தார்.

"இன்னொண்ணு வாங்கிட்டு வா," என்றார். "இதைவிடக் கஷ்டமானதா பாரு. சீக்கிரம் முடிஞ்சுடக் கூடாது."