கரண்டு வைத்த கன்னம்

பாறசாலையில் ராஜப்பன் முதலாளியின் நெல்லுப்புரையில் மூன்று உரல்கள். ஓர் உரலுக்கு இரண்டு பெண்கள். ஒருத்தியின் உலக்கை ஏறும்போது மற்றவளுடையது இறங்க வேண்டும். அன்று காலை இரண்டு உரல்களில்தான் சத்தம் கேட்டது. மூன்றாவது உரலருகே நேசம் உலக்கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். வருடக்கணக்காக அவளோடு சேர்ந்து குத்தும் குஞ்சம்மா மூலையில் உட்கார்ந்து, ஏற்கெனவே கல் பொறுக்கிய அரிசியில் மறுபடி கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எக்கா, வெயிலு ஏறுது. வரல்லியா?"

"இடுப்புல ஒரு பிடிப்பு." குஞ்சம்மா தலையைத் தூக்கவில்லை.

நேசம் மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். வெற்றிலை அடக்கும் இடது கன்னத்தில் புண் வந்து, அதற்கு மெஷினில் கதிர் பாய்ச்சி, ஊர்வாயில் சொன்னால் கரண்டு வைத்தார்கள். புண் ஆறிவிட்டது. வெளித்தோல் மட்டும் தீயில் வாட்டிய வாழையிலை மாதிரி கறுத்து இறுகிப்போயிருந்தது.

"நேசத்துக்கு என்ன, இனி மண்ணெண்ணெ வாங்கண்டாம்" என்றாள் அடுத்த உரலில் நின்ற விலாசினி. "ராத்திரி கன்னத்தக் காட்டினா வீடு முழுக்க வெட்டம்."

எல்லோரும் சிரித்தார்கள். நேசமும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இடது பக்கம் ஏறவில்லை.

"சிரிக்காதிய. எனக்க மாப்பிள பேப்பர்ல வாசிச்சதாக்கும்" என்றாள் குஞ்சம்மா. அவள் கணவன் தாசையன் சாயக்கடையில் எல்லோருக்கும் பேப்பர் வாசித்துக் காட்டுகிறவன். முதலில் தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்கும் எல்லைப் போராட்டச் சேதி, பிறகு மற்றவை. "ஜப்பான்ல மீன்பிடிக்கப் போனவனுவளுக்க மேல அணுகுண்டுக்க சாம்பலு விழுந்துதாம். அவனுவ பிடிச்ச மீனயெல்லாம் குழிவெட்டி மூடியாச்சு. தின்னா தின்னவனுக்கும் தீனம். அந்தச் சாம்பல்ல உள்ள கதிரும் ஆஸ்பத்திரிக் கரண்டும் ஒண்ணுதானாம்."

"அது சாம்பலு, எக்கா. மேலுல ஒட்டிப்பிடிச்சு இருக்கும். எனக்கு வச்சது வெறும் வெட்டமாக்கும். நர்ஸு ஆனந்தபாய்ட்ட நான் கேட்டேன். 'விளக்க அணச்ச பெறவு சொவருல வெட்டம் இருக்குமா? மெஷின நிறுத்தினா அதும் தீந்து'ன்னு சொன்னாவ."

"மெஷின் போடும்ப அவ வெளிய போயி கதவடைப்பாளா, மாட்டாளா?"

"அடைப்பாவ."

"பின்னே?"

நேசம் உலக்கையைச் சாய்த்து வைத்தாள். நெல் எடுக்க உள்ளறைக்குப் போனாள். ஜன்னல் இல்லாத அறை. கதவைச் சாத்திவிட்டுக் கையைக் கன்னத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கை தெரியவில்லை. மெஷின் நின்றதும் கதவைத் திறந்து வந்து, வெறுங்கையால் நேசத்தின் கன்னத்தைத் திருப்பிப் பார்ப்பதும் அதே ஆனந்தபாய்தான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெளியே வந்தபோது விலாசினி வேறு கதை பேசிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் முதலாளி கூப்பிட்டார். போன வருடம் அவருக்கும் இருமலுக்கு அதே ஆஸ்பத்திரியில் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்திருந்தார்கள். அந்தப் பிலிமை ஜன்னலில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் தன் விலா எலும்புகளைக் காட்டுவார். அவர் கொடுக்கும் சாயாவை இதுவரை யாரும் வேண்டாம் என்றதில்லை.

"நான் ஒன்ன வெரட்டல்ல, கேட்டியா நேசம்? தொழுத்துக்குப் பொறவால ஒரு உரலு கெடக்குல்லா, அதுல ஒத்தைக்குக் குத்து. நெல்லு ரெண்டாளு அளவு. கூலி ஒராளுக்கது."

"அந்த அரிசிய என்ன செய்விய, மொதலாளி?"

"தனிச் சாக்குல கட்டி, கரியால ஒரு பெருக்கல் போட்டு, வடக்க லாரியில விடுவேன். அங்க ஓட்டல்ல ஆரு குத்தினதுண்ணு ஆரு கேக்கா?"

நேசம் உலக்கையைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் பின்னால் போனாள். ஒரு குத்துக் குத்தியதும் கை தானாக நின்றது. குஞ்சம்மாவின் உலக்கை இறங்கி ஏறும் நேரம் வரை நின்று, பிறகு அடுத்த குத்து. அப்படியே பழகியிருந்தது. கரிப் பெருக்கல் போட்ட சாக்குகள் புரையின் ஓரத்தில் சேர்ந்தன.

அந்த வாரம் தெற்கே போராட்டக்காரர்கள் மேல் துப்பாக்கிச் சூடு என்று சேதி வந்தது. ரோட்டில் போலீஸ் வண்டி தவிர வேறொன்றும் ஓடவில்லை. தெற்கேயிருந்து நெல் வரவில்லை, வடக்கே லாரி போகவில்லை. கடையில் அரிசி தீர்ந்தது.

சனிக்கிழமை கூலி நாள். கூலி அரிசியாகத்தான். முதலாளி ஈரச் சாக்கால் கரிப் பெருக்கலைத் துடைத்துக்கொண்டிருப்பதைத் தொழுவத்தோரத்திலிருந்து நேசம் பார்த்தாள். அழியும்வரை துடைத்தார். பிறகு சாக்கை அவிழ்த்து வைத்துவிட்டுப் பெண்களைக் கூப்பிட்டார்.

குஞ்சம்மா முதலில் போய் முந்தியை விரித்தாள். முதலாளி நாழியை அதற்குள் இறக்கிக் கவிழ்த்தார். அவள் எப்போதும் போல நாலு மணியை வாயில் போட்டு மென்றாள்.

"கொள்ளாம், நல்ல குத்து. ஒடஞ்ச நுறுக்கே இல்ல" என்றாள். "எங்க உள்ளதாக்கும், மொதலாளி?"

"வந்தது" என்றார் அவர்.

நேசம் வாயைத் திறந்தாள். கன்னத்துத் தோல் இழுத்தது. மூடிக்கொண்டாள்.

கடைசியில் அவள் முறை. முந்தியை விரித்துப் பிடித்தாள். முதலாளி நாழியை நிரப்பி, அது அவள் துணியில் படாமல் கையை உயரத் தூக்கிச் சரித்தார். பாதி முந்தியில் விழுந்தது. பாதி தரையில் தெறித்தது. முதலாளி நாழியைச் சாக்கில் போட்டுவிட்டு அதன் வாயைக் கட்டத் தொடங்கினார். நேசம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினாள்.