ஒரு ஓட்டுக்கு எத்தனை மன்னிப்பு

யார்தெனா அன்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் எனக்கு இந்த வம்பே வந்திருக்காது.

புத்தாண்டு முடிந்த செவ்வாய்க்கிழமை. மிச்சமிருந்த தேன் கேக்கை நின்றபடியே தின்றுகொண்டிருந்தேன், பத்தரைக்கு வகுப்பு. யார்தெனா அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறாள், நான் தரைத்தளத்தில். வெளியே இருக்கும் இரும்புப் படிக்கட்டில் அவள் இறங்கிவரும் சத்தத்தை வைத்தே அவள் மனசு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். மூன்று வருடச் சிநேகம். அன்று ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினாள். சரி, என்னமோ இருக்கிறது என்று கதவைத் திறந்தேன்.

"ஷிஃப்ரா, உங்கிட்ட ஒரு மன்னிப்பு கேக்கணும் டி," என்றாள்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. புத்தாண்டுக்கும் பெருநோன்புக்கும் நடுவில் பத்து நாள், யூத மாணவர்கள் அத்தனை பேருக்கும் இதுதான் வேலை. கடவுளுக்குச் செய்த தப்பை நோன்பன்று கடவுள் பார்த்துக்கொள்வார். மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷன்தான் மன்னிக்க வேண்டும். அதனால் 'தெரிஞ்சோ தெரியாமலோ புண்படுத்தியிருந்தா மன்னிச்சுக்கோ' என்று எல்லோரும் எல்லோருக்கும் போனில் அனுப்பித் தள்ளுவோம். நானே நாற்பது பேருக்கு அனுப்பியிருந்தேன். எதற்கென்று மட்டும் யாரும் சொல்வதில்லை, அதுதான் நாகரிகம். யார்தெனா சொன்னாள்.

"மே மாசத் தேர்தல்ல நான் உனக்கு ஓட்டுப் போடல."

எந்தத் தேர்தல் என்று நீங்கள் கேட்கலாம். நாட்டுக்கு நடந்ததல்ல, எங்கள் யூத மாணவர் இல்லத்துச் சமையலறைக்கு நடந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அங்கே அறுபது பேர் சாப்பிட வருவார்கள். அந்தச் சமையலுக்கு யார் தலைவி என்று சமையலில் கைகொடுக்கிற இருபத்தேழு பேர் வருடத்துக்கு ஒருமுறை சீட்டு எழுதிப் போடுவோம். இரண்டு வருடம் அந்த அடுப்படியில் வெந்தவள் நான். எந்தப் பானை எங்கே அடிப்பிடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பெனினா என்ற பெண், ஆறு மாதத்துக்கு முன்னால் வந்தவள், பூனை மாதிரி பேசுகிறவள், அவளும் நின்றாள். பதினான்குக்குப் பதின்மூன்று, ஜெயித்தது அவள். ஒரே ஒரு ஓட்டு.

அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று கோடை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். கூடவே உட்கார்ந்து உடைத்துக்கொண்டவள் யார் என்கிறீர்கள்? இந்த யார்தெனாதான். கடைசியில் எஃப்ராயிம்தான் துரோகி என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். எண்ணிக்கையை வாசித்தபோது அவன் சிரித்தான், அது போதாதா? அன்றிலிருந்து, கோடை விடுமுறை போக இல்லம் திறந்திருந்த வெள்ளிக்கிழமைகளில் எல்லாம், பரிமாறும்போது அவன் தட்டில் கோழிக்கழுத்தைத் தவிர வேறு எதையும் நான் வைக்கவில்லை.

"ஏன்?" என்று கேட்டேன்.

"நீ தலைவியானா கத்திக் கத்தியே எல்லாரையும் விரட்டிடுவேன்னு தோணுச்சு. இல்லத்தோட நல்லதுக்காகத்தான்," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பாதி கேக் என் கையில் இருந்தது. அதைத் தட்டில் வைத்தேன், கதவைச் சாத்தினேன். என் வாழ்க்கையில் நான் கத்தாமல் கோபப்பட்டது அன்று ஒருமுறைதான்.

எங்கள் சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. கேட்டும் மன்னிக்காவிட்டால், மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய் மறுபடி கேட்க வேண்டும். அப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவையும் முடியாது என்றால் கேட்டவள் மேல் தப்பில்லை, பாவம் மன்னிக்காதவள் தலையில் ஏறிவிடும். இதையெல்லாம் ஏட்டில் படித்திருக்கிறோமே தவிர யாரும் செய்து பார்த்ததில்லை. யார்தெனா செய்தாள். புதன்கிழமை காலை கதவைத் திறந்தால் நான்கு பேர் நிற்கிறார்கள். அவளுக்குப் பின்னால் ஆஷர், கணக்கில் ஆராய்ச்சி செய்கிறவன், சட்டத்தில் ஒரு எழுத்து பிசகினாலும் அவனுக்குத் தூக்கம் வராது. அவனுக்குப் பக்கத்தில் என்னைத் தோற்கடித்த பெனினா. அவளுக்குப் பக்கத்தில் எஃப்ராயிம்.

ஆள் பிடிக்கிற லட்சணத்தைப் பாருங்கள்.

யார்தெனா முறைப்படி கேட்டாள். நான் முறைப்படி முடியாது என்றேன். "நான் வேணா விட்டுக் குடுத்துடறேன், நீயே தலைவியா இரு," என்று பெனினா இழுத்தாள். எனக்குப் பிச்சை வேண்டாம் என்று அவளையும் ஒரு கடி கடித்தேன். எஃப்ராயிம் என் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பசியோ என்னவோ. அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கோபம் முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்திருக்கும்போது கூச்சத்துக்கு எங்கே இடம்?

வியாழக்கிழமை நூலகத்துக்கே வந்துவிட்டார்கள். அங்கே பேசக் கூடாது. யார்தெனா ஒரு தாளில் எழுதி நீட்டினாள், நான் 'முடியாது' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். எழுதிக் கேட்டால் அது செல்லுமா என்று ஆஷருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆகவே அவள் என் காதருகே குனிந்து ரகசியமாக ஒருமுறை கேட்டாள், நான் அவள் காதில் ரகசியமாக மறுத்தேன். சுற்றிப் படித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் ஏதோ கல்யாணம் பேசுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

மூன்றாவது தடவை வெள்ளிக்கிழமை காலை, இல்லத்துச் சமையலறையில். அறுபது பேருக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. மனசு இளகிவிட்டது என்று நம்பி பெனினாவும் கூட அழ ஆரம்பித்தாள். யார்தெனா கேட்டாள். அவள் குரல் சரியாக இல்லை, அது எனக்குக் கேட்டது. சொல்லியிருக்கலாம், ஒரு வார்த்தைதானே? ஆனால் இந்த நாக்கு இருக்கிறதே, அது எனக்கு முன்னால் ஓடுகிற நாக்கு.

"முடியாது," என்றேன்.

"அவ்ளோதான். யார்தெனா, உன் கடமை முடிஞ்சுது," என்றான் ஆஷர். என் பக்கம் திரும்பினான். "இனிமே பாவம் உம்மேல."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அன்று விருந்துக்கு வரவில்லை. சனிக்கிழமை முழுக்கப் படிக்கட்டில் சத்தமே இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் படிப்பதாக நடித்தேன். மேப்பிள் இலைகள் ஒவ்வொன்றாக அந்தப் படிகளில் விழுந்து கிடந்தன, மிதிக்க ஆளில்லை. உண்மையைச் சொல்கிறேன், நான் நாலாவது தடவைக்குக் காத்திருந்தேன். சட்டம் மூன்றோடு நிற்கும், யார்தெனா நிற்க மாட்டாள் என்று ஒரு நினைப்பு. அவள் வரவில்லை. ஒரு ஓட்டுக்காக மூன்று வருடத் தோழியைத் தொலைத்துவிட்டேனோ என்று அப்போதுதான் பயம் வந்தது.

ஞாயிறு மாலை நோன்பு தொடங்குகிறது. மத்தியானம் இல்லத்துக்குப் போனேன். நோன்பு முடிந்ததும் கட்டவேண்டிய பண்டிகைக் குடிலுக்காக எஃப்ராயிம் முற்றத்தில் பலகை இறக்கிக்கொண்டிருந்தான். முதலில் இவனிடம் தீர்த்துவிடலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒம்பது வெள்ளிக்கிழமையா உனக்குக் கோழிக்கழுத்துதான் வெச்சிட்டிருக்கேன்."

"தெரியும்," என்றான்.

"வேணும்னேதான் வெச்சேன். தேர்தல்ல நீதான் காலை வாரிட்டேன்னு நெனச்சேன்."

அவன் பலகையைக் கீழே வைத்து யோசித்தான். "நான் உனக்குத்தானே போட்டேன். எனக்குக் கழுத்து பிடிக்கும்னு நீயா முடிவு பண்ணிட்டியோன்னு நெனச்சேன். சொன்னா சங்கடப்படுவியேன்னு தின்னுட்டேன்."

எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அப்புறம் அன்று ஏன் சிரித்தாய் என்று கேட்டேன். ஞாபகமில்லையாம். மன்னிப்புக் கேட்டேன். "சரி," என்றான். அவ்வளவுதான். "இந்தப் பலகைய அந்த முனைல பிடி."

ஒன்பது வாரக் கழுத்துக்கு ஒரே ஒரு 'சரி'. நான் ஒரு ஓட்டுக்கு மூன்று 'முடியாது' சொன்னவள். பலகையைப் பிடித்தபடியே அவனிடம் சொன்னேன், பாவம் இப்போது என் தலையில் இருக்கிறது, ஆகவே மன்னிப்புக் கேட்கவேண்டியது நான்தான், எனக்கு மூன்று பேர் வேண்டும் என்று. இந்தத் தடவை நாங்கள் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டான்.

ஆக, ஆறு மணிக்கு நான்கு பேர் அந்தப் படிக்கட்டில் ஏறினோம். பெனினா ஒரு பாத்திரத்தில் நோன்புக்கு முந்தைய சூப் எடுத்து வந்தாள். யார்தெனா கதவைத் திறந்தாள். நோன்புக்கான வெள்ளைப் பாவாடை, காலில் துணிச் செருப்பு, கண் வீங்கியிருந்தது. தெரிந்தோ தெரியாமலோ புண்படுத்தியிருந்தால் மன்னித்துக்கொள் என்று ஒப்பித்தேன்.

அவள் எங்கள் நான்கு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். அவள் உதட்டோரம் ஏதோ நெளிந்தது.

"முடியாது," என்று கதவைச் சாத்தினாள்.

"ஒண்ணு," என்றான் ஆஷர், திருப்தியாக. அதற்குமேல் அவன் சட்டத்தை விளக்கினான். ஒவ்வொரு தடவையும் போய்விட்டுத் திரும்பி வர வேண்டுமாம். எவ்வளவு தூரம் என்று எங்கேயும் சொல்லவில்லையாம், தெருவை மிதித்தால் போதுமாம். இறங்கினோம். நாற்பத்தொரு படி. தெருவை மிதித்தோம், ஏறினோம். சூப் பாத்திரமும் கூடவே இறங்கி ஏறியது, கீழே வைத்துவிட்டு வா என்று நான் சொல்லியும் பெனினா கேட்கவில்லை.

இரண்டாவது தடவை எதற்கு மன்னிப்பு என்று யார்தெனா கேட்டாள். மூன்று தடவை மறுத்ததற்கு என்றேன். "அப்புறம்?" என்றாள். அப்புறம் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. கதவு மறுபடி சாத்திக்கொண்டது. உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது, எஃப்ராயிமுக்கும் கேட்டது. அவன் முட்டியைப் பிடித்துக்கொண்டே இறங்கினான்.

மூன்றாவது தடவை மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன், படியேறியதில் எல்லாம் சிதறிப்போனது. மிச்சமிருந்தது இதுதான்.

"நாலாவது தடவை வருவேன்னு ரெண்டு நாளா வாசல்லயே உக்காந்திருந்தேன். நீ வரல. பயந்துட்டேன் டி. நீ இல்லாம எனக்கு ஆகாது."

அவள் சிரிப்பு நின்றுபோனது.

"இல்லத்தோட நல்லதுக்குன்னு சொன்னேனே, அது பொய்," என்றாள். "ரெண்டு வருஷம், ஒவ்வொரு வெள்ளியும், பக்கத்து நாற்காலிய உனக்குன்னு பிடிச்சு வெச்சிருப்பேன். யாராவது வந்து காலியான்னு கேப்பாங்க. இல்ல, ஆள் வருதுன்னு சொல்வேன். நீ வரவே மாட்டே, அடுப்படியிலயே நின்னுடுவே. தலைவியாயிட்டா சுத்தமா வரமாட்டேன்னு தோணுச்சு. பெனினா வந்தா எல்லாரையும் உக்காந்து சாப்பிடச் சொல்லுவா. அதான் அவளுக்குப் போட்டேன். எனக்காகப் போட்டேன்."

தேர்தலுக்குப் பிறகு, அவள் வராத இந்தக் கடைசி வெள்ளி போக, எல்லா வெள்ளியும் நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தோற்றுப்போன வயிற்றெரிச்சலில் அதை நான் கவனிக்கவே இல்லை. பாட்டுப் பாடும்போது அவள் மேஜையைத் தட்டுவாள், நான் தாளம் தப்பிவிட்டதென்று திட்டுவேன். இரண்டு வருடம் அவள் யாருமில்லாத நாற்காலியைக் காத்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது, வெங்காயம் இல்லாமலே. அவள் என்னை மன்னித்தாள், நான் அவளை மன்னித்தேன், எது முதலில் என்று ஆஷருக்கே குழப்பம். கட்டிக்கொண்டோம்.

சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா?

"அடுத்த மே மாசம் நான் மறுபடி நிக்கத்தான் போறேன்," என்றேன். "யாருக்குப் போடுவே?"

அவள் என்னைப் பார்த்தாள், பெனினாவைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே இறங்குகிற வெயிலைப் பார்த்தாள். நோன்பு வாசலில் வந்து நிற்கிறது, பொய் சொல்ல முடியாது.

"பெனினாவுக்குத்தான்."

எனக்குக் கோபம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆஷர் விரல் விட்டு எண்ணத் தயாரானான். எஃப்ராயிம் படிக்கட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"சரி," என்றேன்.

சூரியன் இறங்க இன்னும் அரைமணி நேரம்கூட இல்லை. பெனினா சூப்பை ஊற்றினாள். ஐந்து பேருக்கு அந்த வீட்டில் நாலே நாற்காலிதான் இருந்தது. நானும் யார்தெனாவும் ஒன்றில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டோம்.