சங்கு ஊதாத மழை

பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை இரைந்தது. கணினித் திரையில் மட்டும் மழை இல்லை. நேற்று மாலை இருந்த அதே அளவு, அசையாமல் நின்றது.

கௌசி நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், மலைச்சரிவில் மழைமானி இருக்கிறது. அது அளப்பதை அவள் எழுதிய நிரல் ஒரு கோப்பில் பதியும். அளவு மீறினால் தேயிலை பெக்டரியின் அபாயச் சங்கை ஊதும். சங்கு கேட்டால் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். நேற்று அந்த நிரலைப் பாதுகாப்புக்காகக் கண்டெய்னர் என்னும் தனி மென்பொருள் அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள்.

பிழைப் பதிவைத் திறந்தாள். ‘எழுத அனுமதி இல்லை.’ வரிக்கு வரி அதுதான். பதிய முடியாத நிரல் சங்கை ஊதவேயில்லை.

அம்மாவுக்கு போன் போட்டாள். "அம்மா, உடனே கெளம்பி வாங்க. பக்கத்து வீட்டாளுங்களையும் கூப்புடுங்க."

"சங்கு ஊதலியேடி?" லெட்சுமியின் குரலுக்குப் பின்னால் ரொட்டி தட்டும் சத்தம். "ஊதாட்டி பயப்படாதீங்கன்னு பெரிய இன்ஜினியரம்மா நீதானே சொன்ன?"

"அம்மா, அது கெட்டுப்போச்சு..." இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டால் மணியே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சங்கைக் கையால் ஊத பெக்டரியிலும் ஆளில்லை. ஓடினால் லயத்துக்குப் போய்ச்சேர அரைமணி நேரம்.

எந்தக் கோப்பில் யார் எழுதலாம் என்பதைக் கணினி பயனர் எண்ணை வைத்தே முடிவு செய்யும். நிரலின் எண் ஆயிரம். கோப்புகளை ஆயிரத்துக்கு உரிமையாக்கினாள். மறுபடி, ‘அனுமதி இல்லை.’ பனிமூட்டம் ஜன்னலை அடைத்திருந்தது. அதற்குள் எங்கோ கல் உருளும் ஓசை.

அப்போதுதான் உறைத்தது. ஆயிரம் என்பது கண்டெய்னருக்கு உள்ளே மட்டும்தான். வெளியே அதே நிரலை இந்தக் கணினி நூற்றோராயிரம் என்றுதான் அறியும். நேற்றுப் பூட்டும்போது எண்களை அப்படி மாற்றியதே அவள்தான். அந்தப் புது எண்ணுக்கு இந்தக் கோப்புகள் அந்நியம்.

மழைக் கோப்புறையை மட்டும் 101000-க்கு உரிமையாக்கினாள். நிரல் ஒரு வரி எழுதியது. அளவு ஒரே தாவலில் சிவப்பைத் தாண்டியது.

சங்கு ஊதியது.

பனிக்குள்ளிருந்து சாக்கு போர்த்திய உருவங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாக வந்தாள் லெட்சுமி, விரல்களில் மாவோடு. அவள் வாசலை மிதித்தபோது மலை நீளமாக முனகியது. லயத்தின் கோடிக் காம்பரா வீடுகள் இருந்த திசையில் மண் சரிந்தது.

வெகுநேரம் கழித்து மழை தணிந்தது, சங்கும் நின்றது.

"சங்கு நின்னுருச்சே, போய்ப் பாக்கலாமா கௌசி?" என்றார் பக்கத்து வீட்டு நல்லமுத்து மாமா. எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின.

கௌசி திரையைப் பார்த்தாள். பிறகு அதை நம்பாமல், வாசலுக்குப் போய் மழைக்குள் கையை நீட்டினாள்.