முஸ்பிராவின் பெயரில் ஒரு வாடி

முஸ்பிரா ஓரா மீனின் முள்ளை வெட்டிக்கொண்டிருந்தாள். கணவன் பைசர் ஒரு காகிதத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"கையக் கழுவிட்டு இதில சைன் வை."

"என்னது?"

"வாசிச்சு என்ன கிழிக்கப் போறாய்? வை எண்டா வை."

அவள் கையைக் கழுவினாள், வாசிக்கவும் செய்தாள். சிலாவத்துறைக் கரையில் மீன் வாங்கி விற்கும் அவர்களுடைய கொட்டகை, அந்த வாடி, அவளது சீதனக் காணியில் இருந்தது. அதனால் வியாபாரப் பதிவும் வரிக் கோப்பும் அவள் பெயரில். கொடுக்கல் வாங்கல் எல்லாம் அவன் கையில். போன வருடம் கடல் கைவிட்டுவிட்டது. இலாபமே இல்லை, இதற்கு ஏன் வரி விபரம் என்று, வரிக் கந்தோர் அதிகாரிகள் கேட்டும் அவன் அனுப்பவில்லை. பிந்தியதற்குத் தண்டம் அவள் பெயருக்கு வந்தது. அதைத் தள்ளுபடி செய்யச்சொல்லும் மனுதான் இது. வயிற்றில் இருந்த பிள்ளை அழிந்து அவள் படுக்கையில் கிடந்ததால் பிந்திவிட்டது என்று எழுதியிருந்தான்.

"அது நாலு வருசத்துக்கு முந்தி, மச்சான்."

"போன வருசமெண்டு டொக்டரிட்ட துண்டு எழுதி வாங்கியாச்சு. ஆர் பாக்கப் போறான்?"

"அண்டைக்கு லொறிக்கு மீன் ஏத்தணுமெண்டு ஆஸ்பத்திரிப் பக்கமே வரல்ல நீங்க. இப்ப அந்தப் புள்ள வந்து உங்களக் காப்பாத்தணுமோ?"

"வாய மூடு! தண்டத்த உன்ர வாப்பாவா கட்டப் போறாரு?"

அவள் பேனையைத் தொடவில்லை. வழக்கம்போல அவள் கையெழுத்தை அவனே போட்டான். ஆனால் கோப்புக்கு உரியவள் நேரில் வரவேண்டும் என்பதால் அவளையும் மன்னாருக்கு இழுத்துப் போனான்.

கந்தோரில் அதிகாரி நிறஞ்சலா மனுவை வாசித்ததும் முகம் இளகினாள். "ஐயோ, இப்ப சுகமோ உங்களுக்கு?"

"இன்னும் ஏலாது மிஸ்," என்று பைசர் முந்திக்கொண்டான்.

"பொய் மிஸ்," என்றாள் முஸ்பிரா. "துண்டும் பொய். அந்தக் கையெழுத்தும் என்ர இல்ல."

"விசரி! வீட்ட வா, பாக்கிறன்!" பைசர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"இருங்கோ தம்பி, இது கந்தோர்." நிறஞ்சலாவின் குரல் இறுகியது. "லாபம் வந்தாலும் வராட்டியும் கேட்ட விபரத்த நேரத்துக்குத் தரவேணும். அதுக்கு மேல பொய்த் துண்டு வேறயோ?"

முஸ்பிரா அந்த மனுவைத் திரும்ப வாங்கிக் கிழித்தாள். தண்டத்தைத் தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு வேறொன்று எழுதினாள். கணவர் கவனிக்கவில்லை, நானும் கேட்கவில்லை என்று பிந்தியதற்குக் காரணம் போட்டாள்.

வாசலில் பைசர் பல்லைக் கடித்தான். "மானத்த வாங்கிட்டாய்."

"பிந்தினது கட்டித் தீரும், மச்சான். மௌத்தான புள்ளையச் சாட்டின பொய் எப்பிடித் தீரும்? பொம்புளயிட பேர வைச்சு யாவாரம் செய்தா, கணக்கையும் அவளுக்குக் காட்டணும். வாசிக்காமப் பேரைக் குடுத்திட்டு இருந்தது என்ர பிழை. இனி நான் வாசிக்காம ஒண்டும் போகாது." அவள் கையை நீட்டினாள். "வாடிச் சாவியத் தாங்க."