இடது முட்டி

போடி டவுன் டீம் தோற்றால் பிச்சைமணிக்கு ஒரு வேளைச் சோறு இறங்காது. மலை டீம் ஜெயித்தால் இரண்டு வேளைச் சோறு இறங்காது. இரண்டும் ஒரே மாட்ச்சில் நடந்துவிட்டால், மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அவர் மனைவி கருத்தம்மா அவரிடம் பேச்சே கொடுக்கமாட்டாள். பேசினால் மனுஷன் பூட்ஸில் ஆரம்பித்துச் சோடாவில்தான் முடிப்பார்.

மற்றபடி ஊரில் அவரைப்போல நிதானமான ஆள் கிடையாது. அப்துல் ஹமீது ராவுத்தரின் ஏலக்காய் மண்டியில் தரம் பார்க்கிற வேலை. மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி ஒரு குலுக்குக் குலுக்குவார். “முதல் ரகம்” என்பார், அல்லது “ரெண்டாம் ரகம்” என்பார். விற்கிறவரும் வாங்குகிறவரும் அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டார்கள். காயை உடைத்து உள்ளே விதையரிசி எப்படி என்றுகூடப் பார்க்கமாட்டார்கள். வாங்க வந்த வியாபாரிகள் நல்ல காயை வேண்டுமென்றே மட்டம் தட்டி, பக்கத்து வியாபாரியை விரட்டிவிட்டு, பிறகு தாங்களே அள்ளிக்கொண்டு போவதுண்டு. அதைப் பார்த்துப் பிச்சைமணி சிரிப்பார். இருபது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை.

ஆனால் மலை டீம் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அந்த நிதானமெல்லாம் எங்கே போகுமோ தெரியாது.

தேவிகுளமும் பீர்மேடும் நமக்கில்லை என்று முடிவான அடுத்த வருஷம் அது. மலை கேரளாப் பக்கம் போய்விட்டது, கோப்பையும் போகவேண்டுமா என்று பிச்சைமணி டீக்கடையில் உட்கார்ந்து கேட்பார். மூன்று வருஷமாக வியாபாரிகள் கோப்பை அந்த மலை டீமை நடத்துகிற பச்சைப்பாறை எஸ்டேட்டில்தான் இருந்தது. எஸ்டேட் முதலாளி கால்பந்துப் பைத்தியம். கோட்டயத்திலிருந்து ஒருத்தன், மதுரையிலிருந்து கோல் காக்கிற கோலி ஒருத்தன் என்று ஆள் பிடித்துக்கொண்டு வந்து, வாட்ச்மேன் என்றும் ரைட்டர் என்றும் பெயர் எழுதிச் சம்பளம் கொடுத்தார். பதினொரு பேருக்கும் பூட்ஸ், நீலமும் வெள்ளையும் கோடு போட்ட பனியன், ஏறி வர லாரி. ஆப் டைமுக்குச் சோடா, எலுமிச்சம்பழம், குளுக்கோஸ்.

டவுன் டீமுக்கு வெறுங்கால். பனியனை ஒரே அண்டாவில் சாயம் முக்கியிருந்தார்கள். வேர்வை பட்டால் ஆளே சிவப்பாகிவிடுவான். கோல் வலை ஹமீது ராவுத்தர் கொடுத்த பழைய சாக்கு.

“காசு குடுத்துக் காலை வாங்கலாம், ஓட்டத்தை வாங்க முடியுமா? கூலிக்கு ஓடுறவன் யாருக்காக ஓடுறான்?” என்பார் பிச்சைமணி. கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் எதிர் டீமின் பூட்ஸ் எந்தக் கடையில் வாங்கியது, பனியன் என்ன நூல் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு தடவை லாரியின் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே எத்தனை சோடா இருக்கிறதென்று எண்ணிவிட்டே வந்தார்.

“அவுக சோடா குடிச்சா உங்களுக்கு ஏன் ஏப்பம் வருது?” என்றாள் கருத்தம்மா.

“அது திமிரு. வெறும் பணத்திமிரு.”

“நம்ம பயகளுக்கு யாராச்சும் பூட்ஸ் வாங்கிக் குடுத்தா வேண்டாம்னு சொல்லிருவீகளாக்கும்.”

அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். உள்ளதைச் சொன்னால் அந்தச் சோடா பூராவும் அவர் வயிற்றுக்குள்தான் பொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் அவருக்கு ஒரே ஆறுதல் மொக்கச்சாமி. பக்கத்துச் சிலமலை ஊர்க்காரன், இருபத்திரண்டு வயசு. ஜீப்பு போகாத தோட்டங்களிலிருந்து காய் மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் இறங்குகிற சுமைகூலி. மண்டியில் ஒருநாள் பித்தளைச் செம்பு ஒன்று பலகையிலிருந்து தவறி உருண்டது. முதுகில் மூட்டையோடு நின்றவன் காலை நீட்டி, புறங்காலில் அதை ஏந்தி, சத்தமில்லாமல் தரையில் வைத்தான். பிச்சைமணி அன்றைக்கே அவனைக் கையோடு மைதானத்துக்குக் கூட்டிப்போனார். வந்த மாசத்திலேயே இடது ஓரத்தில் அவனைப் பிடிக்க ஆள் இல்லை. டவுன் டீம் மூன்று மாட்ச் வரிசையாக ஜெயித்துப் பைனலுக்கு வந்தது.

“மலைக்காரன் ஆயிரம் ஆயிரமாக் கொட்டுறான். நம்ம ஆளுக்கு மாட்ச் முடிஞ்சா ஒரு டீ, ஒரு பன்னு. அதுக்கு மேலே வாயைத் தொறந்து கேட்டதில்லே” என்று ஊரெல்லாம் பெருமை பேசினார் பிச்சைமணி.

பைனலுக்குப் பத்து நாள் இருந்தது. பச்சைப்பாறை எஸ்டேட் மானேஜர் பால்சாமி வழக்கம்போல ஜீப்பில் லோடு கொண்டுவந்தார். மலையாளம் கலந்த பேச்சு, நல்ல மனுஷன், வெளுத்த காக்கிச் சட்டைதான் எப்போதும். மூட்டைகளை இறக்கிவிட்டுப் பிச்சைமணியைத் தனியே கூப்பிட்டார்.

“பிச்சைமணி, ஒரு விசயம் கேக்கணும். இடது பக்கம் ஓடுறானே, அந்தச் சிலமலைப் பையன் எப்படி?”

“எதுக்குக் கேக்குறீக?”

“காய் காயவைக்கிற ஸ்டோர்லே ஒரு ஆள் வேணும். மாசச் சம்பளம், அரிசி, தங்குறதுக்கு ஓட்டு வீடு. வாரத்துக்கு ஒருநாள் பந்து ஆடணும், மத்த நாள் சோலி. மொதலாளி பாத்துட்டு வரச் சொன்னாரு. நான் பந்தைக் கண்டேனா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா மதி, அது போதும்.”

பிச்சைமணி தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். கோட்டயத்தை வாங்கினான், மதுரையை வாங்கினான், போகட்டும். செம்பு உருண்டபோது பார்த்தது யார்? இந்த ஒருத்தனையும் அள்ளிக்கொண்டு போகவேண்டுமா? அவர் வாய் தானாகத் திறந்தது.

“மேலுக்குப் பச்சையாத்தான் தெரியும் மானேஜர். உள்ளே அரிசி இல்லே.”

“எப்படிச் சொல்றீங்க?”

“இடது முட்டி. சுமை தூக்கித் தூக்கித் தேஞ்சுபோச்சு. இன்னும் ஒரு வருசம் ஓடுவான். அப்புறம் நீங்கதான் ஊன்றதுக்குக் கம்பு வாங்கிக் குடுக்கணும்.”

“அய்யோ பாவம். சின்ன வயசு” என்றார் பால்சாமி. மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. பிச்சைமணி மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு பிடி அள்ளிக் குலுக்கி, “முதல் ரகம்” என்றார். “சரி” என்று சொல்லிவிட்டுப் பால்சாமி காயைப் பார்க்காமலே ஜீப்பில் ஏறிப் போனார்.

கோப்பை முடியட்டும், மறுநாளே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பிச்சைமணி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வேலை எங்கே ஓடிவிடப்போகிறது?

இரண்டு நாள் கழித்து மொக்கச்சாமியின் தாய் இருளம்மாள் மண்டிக்கு வந்தாள். மடியில் மொச்சைக்காய் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“இது உங்களுக்குத்தான் அப்பு. எம்மவன் எந்நேரமும் உங்க பேச்சுத்தான். பந்தெல்லாம் எனக்கென்ன தெரியுது? தோள்பட்டை ரெண்டும் காச்சுப்போய்க் கெடக்கு. நாலு பெரியாளுகளோட பழகுறீக. மூட்டை தூக்காத சோலி ஒண்ணு எங்கனயாவது இருந்தா ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க.”

“பாக்கலாம் ஆத்தா” என்றார் அவர். மொச்சையை வாங்கிக்கொண்டார். அன்றைக்குக் கருத்தம்மா அதைக் குழம்பு வைத்தாள். அவர் பசியில்லை என்று சொல்லி வெறும் மோரைக் குடித்தார். மாட்ச் தோற்காமலே அவருக்குச் சோறு இறங்காத நாள் அது ஒன்றுதான்.

பைனலன்று மைதானத்துச் சுவரில்கூட இடமில்லை. முதல் பாதியில் மலை டீம் ஒரு கோல் போட்டது. ஆப் டைமில் பெட்டி பெட்டியாகச் சோடா இறங்கியது. டவுன் டீம்காரர்கள் ஒரு வாளித் தண்ணீரைச் சுற்றி உட்கார்ந்து மாற்றி மாற்றிக் குடித்தார்கள். பிச்சைமணி அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்தார். ஒரு பயல் பாதிச் சோடாவைக் குடித்துவிட்டு மீதியைத் தரையில் ஊற்றினான். அந்த ஒரு காரியத்துக்காகவே இவர்கள் தோற்கவேண்டும் என்று அவர் மனசு வெந்தது.

இரண்டாவது பாதியில் மொக்கச்சாமி ஓரத்தோடு எடுத்துப்போய்க் கொடுத்த பந்தில் ஒரு கோல் விழுந்தது. சமம். அடுத்து அவன் ஓடியபோது ஒருத்தன் பூட்ஸ் காலால் அவன் பாதத்தை மிதித்தான். கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது. பிச்சைமணி எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடி, தன் தோள்துண்டைக் கிழித்துக் கட்டினார்.

“ஓட முடியுமாடா?”

“வெரசாக் கட்டுங்கண்ணே, பந்து வருது.”

கட்டோடு ஓடினான். முடிய மூன்று நிமிஷம் இருக்கையில் இரண்டு பேரைத் தாண்டி, மதுரைக் கோலி வலது பக்கம் சாய, இடது பக்கம் மெல்லத் தட்டிவிட்டான். பந்து சாக்கு வலைக்குள் போய் உட்கார்ந்தது. ரெப்ரி விசில் ஊதியபோது ஊரே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது.

பிச்சைமணி நேரே மலை டீம் இருந்த பக்கம் போனார். மூன்று வருஷத்து எரிச்சலை இறக்கிவைக்காமல் வீட்டுக்குப் போக மனசில்லை.

“என்ன மானேஜர், சோடா மிச்சம் கெடக்கா? எங்க பயகளுக்குத் தாகமா இருக்கு.”

“அதுக்கென்ன, ஒரு பெட்டியே எடுத்துக்கிடுங்க” என்றார் பால்சாமி. அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. பிச்சைமணிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

பால்சாமி அவரோடு கூடவே நடந்து வந்தார். மொக்கச்சாமி தரையில் உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்திருந்தான். பக்கத்தில் ஹமீது ராவுத்தர் கோப்பையோடு நின்றார்.

“பிச்சைமணி, நாளைக்குக் காலையிலே கம்பத்துப் பையன் ஒருத்தனுக்கு ஸ்டோர் வேலைக்குக் கடுதாசி போகுது. அதுக்கு முன்னே கேட்டுப்போடுறேன். இவன் இப்படி ஓடுறானே, அந்த இடது முட்டி நெசமாவே அப்படித்தானா? நீங்க ஆமான்னா நான் போறேன். உங்க சொல்லுக்கு மேலே நான் பாக்கப்போறதில்லே.”

ஹமீது ராவுத்தருக்கு ஒன்றும் புரியவில்லை. மொக்கச்சாமி நிமிர்ந்து பார்த்தான்.

“எந்த முட்டிண்ணே?”

அவன் இரண்டு கையாலும் இடது முட்டியைப் பிடித்து அமுக்கிப் பார்த்தான். மடக்கினான், நீட்டினான். முகத்தில் லேசாகப் பயம் தட்டியது.

“நீங்க சொன்னாச் சரியாத்தான்ணே இருக்கும். இறக்கத்திலே வாரப்ப ஒரு மாதிரி பிடிக்கும். நான் குளிருன்னு நெனச்சுக்கிட்டேன்.”

நல்ல முட்டியைத் தடவித் தடவி நோவைத் தேடிக்கொண்டிருந்தான் அந்தப் பிள்ளை. பிச்சைமணிக்கு அதற்கு மேல் நிற்கமுடியவில்லை.

“முட்டியிலே ஒண்ணும் இல்லே மானேஜர். நான் பொய் சொன்னேன்.”

“இப்பச் சொல்றது பொய்யா, அன்னைக்குச் சொன்னது பொய்யா?”

“அன்னைக்குச் சொன்னதுதான்.”

“ஏன்யா?” என்றார் ஹமீது ராவுத்தர்.

“வயித்தெரிச்சல் பாய். அவுக எல்லாத்தையும் வாங்கிட்டாக. இவனையும் வாங்கிருவாகளோன்னு.”

பால்சாமி மொக்கச்சாமி பக்கம் திரும்பி, “எந்திரிச்சு நில்லு. இடது காலிலே குந்தி எந்திரி, பாப்போம்” என்றார். மொக்கச்சாமி கட்டுப்போட்ட காலோடு குந்தி எழுந்தான். இன்னொரு தடவை எழச் சொல்லிவிட்டு, அவரே குனிந்து முட்டியைக் கையால் பிடித்துப் பார்த்தார். அவன் பிச்சைமணி முகத்தைப் பார்க்கவேயில்லை. அன்றைக்கு டீக்கும் பன்னுக்கும் அவன் வரவில்லை.

வியாழக்கிழமை பால்சாமி லோடு கொண்டுவந்தார். பிச்சைமணி கையை விட்டு அள்ளினார். உள்ளபடிக்கே காய் கொஞ்சம் வெளுத்திருந்தது.

“ரெண்டாம் ரகம்” என்றார்.

பால்சாமி தன் கையை மூட்டைக்குள் விட்டார். ஒரு காயை எடுத்து, நகத்தால் கீறிப் பிளந்து, உள்ளே பார்த்தார். இன்னொன்றையும் பிளந்தார். ஹமீது ராவுத்தர் அதைக் கண்டும் காணாததுபோலத் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிச்சைமணி கையை வேட்டியில் துடைத்தபடி நின்றார்.

திரும்பிப் போகிற ஜீப்பில் மொக்கச்சாமி ஏறியிருந்தான். மடியில் புது பூட்ஸ். பக்கத்தில் இருளம்மாள், சட்டிபானை மூட்டையோடு. பிச்சைமணியைக் கண்டதும் அவள் இறங்கி ஓடிவந்தாள்.

“சொன்ன மாதிரியே செஞ்சுபிட்டீகளே அப்பு. நீங்க ஒரு வார்த்தை சொன்னதாலேதான் இந்த வேலை கெடச்சுச்சுன்னு எம்மவன் சொன்னான். நீங்க நல்லா இருக்கணும்.”

பிச்சைமணி ஜீப்பைப் பார்த்தார். மொக்கச்சாமி குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தான்.

ஜீப்பு கிளம்பி மலைப் பக்கம் திரும்பியது. அடுத்து விற்க வந்தவர் தன் மூட்டையை இழுத்து முன்னால் போட்டார். பிச்சைமணி ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, “முதல் ரகம்” என்றார். ஹமீது ராவுத்தர் கையை நீட்டி அதிலிருந்து ஒரு காயை எடுத்துப் பிளந்து பார்த்தார்.