எட்டுப் பேர் பட்டியல்

பம்பாய் செம்பூரில் ஒரு மண்டபத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய பேனர்: குற்றத் தடுப்பில் அரசின் சாதனைகள் என்று இந்தியில் ஒரு வரி, மராத்தியில் ஒரு வரி. தில்லி எடுத்த முடிவால் நாட்டிலுள்ள போலீஸ் ஸ்டேஷன்களை எல்லாம் கம்ப்யூட்டரில் இணைத்துவிட்டார்களாம். குற்றம் நடந்த பிறகு ஓடுவது பழைய காலம், இனி நடப்பதற்கு முன்பே தடுப்போம் என்று ஒரு அதிகாரி திரையில் பச்சைக் கட்டங்களாகக் காட்டிக்கொண்டே போனார். எங்கள் ஸ்டேஷனில் முன்னெச்சரிக்கை நடவடிக்கை போன வருஷத்தைவிட இரண்டு மடங்கு. அதற்கு ஒத்துழைத்த பொதுமக்கள் பிரதிநிதி என்று என்னைக் கூப்பிட்டார்கள். வானமாமலை என்ற பெயரை மூன்று துண்டாக உடைத்து வாசித்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு போய் நின்றேன்.

அந்த இரண்டு மடங்கில் எங்கள் சந்து ஆட்கள் எத்தனை பேர், அவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்பது அந்த மண்டபத்தில் எனக்கும் எங்கள் பீட் ஹவல்தாருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார்.

தாராவியில் முப்பத்தோரு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், ரேஷன், பள்ளிக்கூட அட்மிஷன் என்று எந்த ஃபாரமாக இருந்தாலும் நிரப்பித் தருவேன். மராத்தி படிக்கத் தெரிந்தவன் என்பதால் எங்கள் சந்துத் தமிழர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கினார்கள். செயலாளர் என்றால் வேறொன்றும் இல்லை, எது நடந்தாலும் என் கடை வாசலுக்கு வருவார்கள்.

கணபதி விழாவுக்கு முன்னால், தேர்தலுக்கு முன்னால், பெரிய தலைவர்கள் ஊருக்கு வரும்போதெல்லாம், தகராறு செய்யக்கூடியவர்கள் என்று சிலரைப் பிடித்து, ஒழுங்காக இருப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்குவது போலீஸ் வழக்கம். பம்பாயில் இதற்குச் சாப்டர் என்று பெயர். இத்தனை பேர் வேண்டும் என்று மேலிருந்து ஒரு எண் வரும். நிஜமான ரவுடியைத் தொட்டால் அவனுக்கு வேண்டியவர்களிடமிருந்து போன் வரும். அதனால் காலையில் வேலைக்குக் கிளம்புகிறவனை, பால் வாங்க வந்தவனை, கண்ணில் பட்டவனை எல்லாம் அள்ளிக்கொண்டு போவார்கள். ஒரு வருஷம் கல்யாண மாப்பிள்ளையையே தாலி கட்டுவதற்கு முந்தின நாள் தூக்கிவிட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஹவல்தாரிடம் போய், "சாஹேப், எத்தனை பேர் வேணும்?" என்று கேட்டேன். "ஆட் ஆத்மி" என்றார். எட்டுப் பேரை நானே அனுப்புகிறேன், நீங்கள் சந்துக்குள் வராதீர்கள் என்றேன். கோயில் கொடையில் மண்டகப்படிக்கு முறை வைப்பதுபோல வீட்டுக்கு வீடு முறை வைத்தோம். முறை வந்த வீட்டிலிருந்து ஒரு ஆண் காலையில் குளித்து, பலகாரம் சாப்பிட்டு, போனில் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவார். சாயங்காலம் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். யாருக்கும் அடி இல்லை, பயம் இல்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

ஒரே ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொருவனைப் பற்றியும் அந்தப் பகுதியின் மரியாதைப்பட்ட இரண்டு பேர் ரகசிய வாக்குமூலம் தர வேண்டும். ஒன்று நான், இன்னொன்று எங்கள் பொருளாளர் சங்கரன். இதை நாங்கள் சந்தில் சொல்லிக்கொள்ளவில்லை. வாசகம் எல்லாருக்கும் ஒன்றுதான். இவன் இடுப்பில் கத்தி வைத்திருப்பான், தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் இவனைக் கண்டால் நடுங்குகிறார்கள், பயத்தால் யாரும் புகார் கொடுப்பதில்லை. அறுபத்திரண்டு வயது சுடலைக்கண்ணனைப் பற்றியும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு வீசிங், இரண்டு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். அவர் மனைவி ஒரு மாதம் அவரை "ஏ ரவுடி, சாப்பிட வாரும்" என்று கூப்பிட்டாள். நாங்களும் சிரித்தோம்.

நாகராஜ் முதல் தடவை போனது அவன் வீட்டு முறைக்கு. அப்பா இல்லாத பையன், லிஃப்ட் மெக்கானிக். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பாதிக் கட்டடங்களுக்கு அவன்தான் போவான். அவன் அம்மா சொர்ணம்மாள் ஒரு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற வேலை. அடுத்த முறை என் வீட்டுக்கு வந்தது. என் மகன் வெங்கடேஷ் போக வேண்டும். அவனுக்கு அடுத்த வாரம் பேங்க் பரீட்சை. நான் போகலாமென்றால் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவனே குற்றவாளியாக உட்கார முடியாது. என் மனைவி முத்துமாரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நாகராஜ்தான் தானாக வந்து, "வெங்கடேஷ் படிக்கட்டும் மாமா, நான் போயிட்டு வாரேன்" என்றான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னேன். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். மூன்றாம் தடவை முறை வந்த வீட்டுக்காரர்கள் டோம்பிவிலிக்குக் குடிபோய்விட்டார்கள். அவனே பழகின ஆள், போய் வரட்டும் என்று பெயரை எழுதிவிட்டேன். அப்போது அவன் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. காலையில் ஹவல்தார் போன் செய்ததும் போய்விட்டான்.

பழைய காலத்தில் அந்தக் காகிதமெல்லாம் ஸ்டேஷன் அலமாரியில் கிடந்து செல்லரித்துப் போகும். இப்போது அப்படி இல்லை என்பதை யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அல்லது செம்பூர் மண்டபத்தில் அந்த அதிகாரி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், நான் போட்டோவுக்குச் சிரிக்கிற மும்முரத்தில் காதில் வாங்கவில்லை.

அந்த விழா முடிந்த ஒன்பதாம் நாள் சொர்ணம்மாள் ஒரு நோட்டீஸோடு கடைக்கு வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள். கையெல்லாம் சோப்பில் வெந்து வெளுத்திருந்தது.

"மராத்தியில இருக்கு அண்ணாச்சி. நாகராஜு படிச்சிட்டு ஒண்ணும் சரியாச் சொல்லாம கெடக்கான். என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

தடிபார் நோட்டீஸ். தொடர்ந்து சமூக விரோதச் செயலில் ஈடுபடுகிறவன் என்பதால் இரண்டு வருஷம் ஏன் உன்னை ஊரைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். நான்கு வருஷத்தில் மூன்று சாப்டர். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் கிரிக்கெட் மைதானத்தில் நடந்த ஒரு கைகலப்புக் கேஸையும் தேடி எடுத்துச் சேர்த்திருந்தார்கள். மூன்று சாப்டர் ஆனவனின் பெயரைக் கம்ப்யூட்டரே சிவப்பில் காட்டுமாம், பின்னால் ஹவல்தார் சொன்னார். கடைசிப் பக்கத்தில் ரகசியச் சாட்சிகள். பெயர் இல்லை, ஏ என்றும் பி என்றும் போட்டிருந்தது. ஏ சொன்னது என் கண்ணெதிரே இருந்தது. இடுப்பில் கத்தி, தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள்.

"ஊரைவிட்டுப் போகச் சொல்லுதான் சொர்ணம். ரெண்டு வருஷம்" என்றேன்.

"எந்த ஊரைவிட்டு? அவன் பொறந்ததே இங்க சயான் ஆஸ்பத்திரியிலலா. அவனுக்கு வேற எந்த ஊரு தெரியும்?" அவள் காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாதவள், விரலால் தடவினாள். "ரெண்டு பேரு சாட்சி சொல்லியிருக்காவளாம், அது மட்டும் சொன்னான். யாரு அண்ணாச்சி? எம் பிள்ளைய இப்படிச் சொல்ல எவனுக்கு மனசு வந்துச்சு?"

பேர் போடவில்லை என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

குர்லாவில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். பகுதியில் மதிப்புள்ள ஒருவர் வந்து பையன் நல்லவன் என்று சொன்னால் கொஞ்சம் வாய்ப்பு உண்டு என்றார் அவர். சொர்ணம்மாள் யோசிக்கவே இல்லை, என்னைத்தான் காட்டினாள். சங்கரனுக்குப் போன் செய்தேன். இப்போது மான்குர்த்தில் மகள் வீட்டில் இருக்கிறார். "எனக்கு பீ.பி. இருக்கு, என்னை இழுக்காதேயும்" என்று வைத்துவிட்டார்.

அன்றிரவு முத்துமாரியிடம் சொன்னேன், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிடலாமென்று இருக்கிறேன் என்று.

"எழுதுங்க" என்றாள். "வெங்கடேஷ் முறைக்கு அவன் போனதையும் எழுதுவீயளா? பேங்க்ல அதைக் கேக்க மாட்டாவளா? முப்பது வீட்டு ஆம்பளைய மேலயும் பொய்ச் சாட்சி சொன்னேன்னு எழுதிட்டு நீங்க எங்க இருப்பீய?" அப்புறம் அழுதாள். அவளும் நாகராஜுக்குச் சோறு போட்டவள்தான்.

விசாரணை அதிகாரி சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். நாற்காலி போடச் சொன்னார். நான் பையனைப் பற்றி எல்லாம் சொன்னேன். குடிக்க மாட்டான், அம்மாவைக் காப்பாற்றுகிறான், ஒரு தடவை மாட்டுங்காவில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட கிழவரை ஒரு மணி நேரம் போராடி மீட்டான். அவர் கேட்டுக்கொண்டே கோப்பைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் கை நின்றது. மற்றவர்களை வெளியே இருக்கச் சொன்னார். சொர்ணம்மாள் போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கதவு மூடியதும் இந்தியில் கேட்டார். "நீங்கள் இப்போது சொல்வது உண்மையா, இதில் எழுதியிருப்பது உண்மையா?"

என் கையெழுத்து. மூன்று தாளிலும்.

"இது பொய் என்றால் எழுதிக் கொடுங்கள். நான் மேலே அனுப்புகிறேன். பையன் தப்பிக்கலாம். ஆனால் பொய் வாக்குமூலம் கொடுத்தது தனிக் கேஸ், உங்கள் மேல். நீங்கள் கையெழுத்துப் போட்ட மற்றவர்களின் ஃபைலும் திறக்கும். யோசித்துச் சொல்லுங்கள்." ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். மிரட்டவில்லை. அவர் மிரட்டியிருந்தால்கூட எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

ஊர் உலகத்துக்கெல்லாம் ஃபாரம் நிரப்பித் தருகிறவன் நான். அந்தத் தாளை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. ஃபேன் காற்றில் அதன் ஓரம் எழும்பி எழும்பி விழுந்தது. கடைசியில் நாகராஜ் நல்ல பையன், கருணை காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுக் கோப்புக்குள் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்று வாரத்தில் ஆர்டர் வந்துவிட்டது. மும்பை, புறநகர், தாணே, ராய்கட் எங்கும் இரண்டு வருஷத்துக்குக் கால் வைக்கக் கூடாது. தாணேக்குள் வரும் டோம்பிவிலியில்கூட இருக்க முடியாது. லிஃப்ட் கம்பெனி அதைப் பார்த்ததும் அவனை நிறுத்திவிட்டது. பூனாவில் யாரோ தெரிந்தவனிடம் போவதாகச் சொன்னான். எல்லை வரைக்கும் போலீஸே கொண்டுபோய் விடும்.

போகிற அன்று காலை பத்து மணிக்குக் கடைக்கு வந்தான். தோளில் ஒரு பை.

"மாமா, ஆர்டரை மூணு காப்பி போடுங்க. போற இடத்துல ஸ்டேஷன்ல காட்டணுமாம்."

மெஷினில் வைத்தேன். வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது. அவன் முகத்தைப் பார்க்காமல், "ஏலே நாகராஜு, அந்த ஏ-ங்கிறது..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மாமா."

"என்னலே தெரியும்?"

"ஸ்டேஷன்ல நீங்க கையெழுத்துப் போடையில நான் எதுத்த பெஞ்சுலதான உக்காந்திருந்தேன். மூணு வாட்டியும். ரெண்டாவது வாட்டி உங்க பேனா எழுதலைன்னு எம் பேனாவத்தான வாங்குனீய."

எனக்கு நினைவே இல்லை. அவன் கோபமாகச் சொல்லவில்லை, யாரோ கேட்ட விலாசத்தைச் சொல்வதுபோலச் சொன்னான். "நோட்டீஸ் வந்த அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாம்லா. உங்க அம்மைகிட்ட..."

"சொல்லல. சொல்லவும் மாட்டேன்." காப்பிகளை எடுத்து மடித்தான். "அவளுக்குச் சுகர் இருக்கு. ஆஸ்பத்திரி, ரேஷன், கேஸ் சிலிண்டர் புக் பண்ணுதது, எனக்கு ஒரு லெட்டர் எழுதணும்னாலும் உங்ககிட்டத்தான் வருவா. நீங்கதான்னு தெரிஞ்சா வர மாட்டா. இந்தச் சந்துல அவளுக்கு வேற யாரு இருக்கா மாமா? நீங்க பாத்துக்கிடணும்."

மெஷினிலிருந்து ஒரிஜினலை எடுத்து அவனிடம் நீட்டினேன். அதற்குள் சொர்ணம்மாள் வாசலில் வந்து நின்றாள். டப்பாவில் சோறு கட்டிக் கொண்டுவந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. சந்து முனையில் போலீஸ் வண்டி ஹார்ன் அடித்தது.

"நமக்காக அவ்வளவு பெரிய ஆபீஸர் முன்னால போயிப் பேசுனது அண்ணாச்சி ஒருத்தர்தான்" என்று மகனிடம் சொன்னாள். "கால்ல விழுந்து கும்பிட்டுட்டுப் போலே."

நாகராஜ் பையைத் தரையில் வைத்தான். ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு ஜெராக்ஸ் மெஷினுக்கும் ஸ்டூலுக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தில் குனிந்து இரண்டு கையாலும் என் காலைத் தொட்டான்.

நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தலையில் கை வைத்து, நல்லா இருலே என்றேன்.