பதினேழாம் டோக்கன்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். மற்றவர்கள் எழுதிய கணினி நிரலை அவள் படித்து ஒப்புதல் தந்தால்தான் அது வெளியே போகும். அவள் கண்ணுக்கு ஒரு சின்னக் கல்கூடத் தப்பாது என்பதால் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அது அவளுக்குத் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு. அன்று காலை பதினொரு மணி வரை அந்தப் பெருமைக்கு ஒரு குறைவும் இல்லை.

அவள் திறந்து வைத்திருந்தது ஒரு பழைய புகார். ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடம் அனுப்பியது. 'சேமிக்கப்பட்டது என்று திரையில் வந்தது. ஆனால் முடிவு பதிவாகவில்லை.' வந்த அன்றைக்கே அதை மூடிவிட்டிருந்தார்கள். கீழே ஒரே வரி: 'பயனர் தவறு.'

அந்தப் பயனர் அவளுடைய தங்கச்சி.

மூன்று வாரத்துக்கு முன் தங்கச்சி ஒரு நோயாளியின் உப்பு அளவைப் பதிவு செய்தாள். அது பதிவாகவே இல்லை. டாக்டர் பழைய அளவைப் பார்த்து மருந்து கொடுக்க, அந்த மனிதர் நான்கு நாள் உயிருக்குப் போராடிப் பிழைத்தார். இன்று நாலு மணிக்கு விசாரணை. கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் தங்கச்சியை இனி எந்தப் பரிசோதனைக்கூடமும் வாசற்படி ஏற்றாது.

"நான் சேவ் பண்ணேங்க்கா. ஆயிடுச்சுன்னு வந்துச்சு" என்று விஷயம் வெளியான இரவு சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் அழுதாள்.

"மெஷின் பொய் சொல்லாது. நீ போனப் பாத்துக்கிட்டே எதையாவது அமுக்கியிருப்ப" என்று முடித்துவிட்டாள் அக்கா. அதோடு பேச்சுவார்த்தை நின்றது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

இப்போதுகூடப் புகாரைத் திறந்தது சந்தேகத்தால் அல்ல. மெஷின் சரியாகத்தான் இருந்தது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் நெஞ்சு உறுத்தாது என்றுதான். பரிசோதனைக்கூடத்தில் தகவல்களைச் சேமித்து வைக்கும் பெட்டி இவர்கள் நிறுவனம் விற்றது. அதன் இயங்குதளத்தின் அடிமட்டமான கெர்னலில், டிஸ்க்கோடு பேசும் பகுதி இவர்கள் குழு எழுதியது.

அந்தப் பேச்சு பெரிய கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை. பெரிய கடைகளில் நம் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருவார்களே, அதுதான். எழுதச் சொல்லி டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் கெர்னல் ஓர் எண் கொடுக்கும். ஒரே நேரத்தில் அறுபத்து நாலு கோரிக்கைகள் போய்க்கொண்டிருக்கும். டிஸ்க் தன் இஷ்டத்துக்கு முன்னும் பின்னுமாக முடித்துவிட்டு, 'பதினேழு முடிந்தது' என்று எண்ணை மட்டும் சொல்லும். பதினேழு யாருடையது என்று நினைவில் வைத்திருப்பது கெர்னலின் பொறுப்பு.

முப்பது விநாடி ஆகியும் பதில் வராவிட்டால்? பதினேழை விட்டுவிடு என்று டிஸ்க்கிடம் சொல்ல வேண்டும். விட்டேன் என்று அது சொன்ன பிறகுதான் அந்த எண்ணை அடுத்தவருக்குத் தர வேண்டும். பொறுமை இல்லாமல் உடனே தந்துவிட்டால், பழைய பதினேழின் பதில் நாலு விநாடி தாமதமாக வந்து புதிய பதினேழின் தலையில் விழும். டிஸ்க் இன்னும் கையில்கூட எடுக்காத கோரிக்கைக்கு 'சேமித்தாயிற்று' என்று திரையில் வரும். எழுத வேண்டிய தகவல் அதற்குள் நினைவகத்திலிருந்து போய்விடும்.

புகாரோடு வந்திருந்த பெட்டியின் பதிவேட்டில் அந்த நிமிடத்தைத் தேடினாள். பழைய பதினேழு முப்பதாவது விநாடியில் கைவிடப்பட்டிருந்தது. அதே விநாடியில் அதே எண் தங்கச்சியின் கோரிக்கைக்குப் போயிருந்தது.

அவள் கையிலிருந்த காபியில் ஆடை படிந்திருந்தது. கீழே வைத்துவிட்டுச் சோதனைக் கணினியில் ஒரு டிஸ்க்கின் பதிலை வேண்டுமென்றே தாமதப்படுத்திப் பார்த்தாள். நாற்பது தடவை ஓட்டினாள். ஒன்பது தடவை எழுதாததை எழுதினேன் என்று சொன்னது அந்தக் கெர்னல், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

நிரலில் ஒரு காலத்தில் காவல் இருந்திருக்கிறது. ஒவ்வொரு எண்ணோடும் அது எத்தனையாவது முறை தரப்பட்டது என்பதையும் ஒப்பிட்டு, பொருந்தாத பதிலைத் தள்ளிவிட்டு எச்சரிக்கை எழுதும் இரண்டு வரிகள். அவற்றை யாரோ அழித்திருந்தார்கள். யார் என்று பார்த்தாள். சமாளி. அதற்குமேல் படிக்கக் கோபம் விடவில்லை.

சமாளி அடுத்த வரிசையில் இருந்தான். எந்தச் சிக்கலையும் தீர்க்காமலே தீர்ந்ததுபோல் காட்டிவிடுவான் என்பதால் அந்தப் பெயர். அடையாள அட்டையின் முனையால் பல்லைக் குத்தி, அதை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ரெண்டு வரிய ஏன் எடுத்த?"

"ஓ, அதுவா? எச்சரிக்கை வந்துகிட்டே இருந்துச்சுங்க. கஸ்டமர் பாத்தா பயந்துருவாங்கன்னு எடுத்துட்டேன். அப்புறம் ஒரு புகார்கூட வரல பாருங்க."

"புகார் வந்துச்சு. நீதான் மூடின."

"அது யாரோ ஒரு பொண்ணு தப்பா அமுக்கினது."

குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருட்டே நடக்கவில்லை என்கிறவனிடம் என்ன பேசுவது? நேராக மேலாளர் அறைக்குப் போனாள். அறை முழுக்க எலுமிச்சை வாசனை அடித்திருந்தது. கழிவறையில் அடிக்கிற அதே வாசனை. சமாளியும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டான்.

மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நல்ல வேல பண்ணியிருக்கம்மா. அந்த ரெண்டு வரியத் திரும்பப் போட்டுடு. அடுத்த வெளியீட்டுல 'நம்பகத்தன்மை கூட்டப்பட்டுள்ளது'ன்னு ஒரு வரி போட்டுக்கலாம்."

"அந்த லேபுக்கு?"

"அவங்களுக்கு எதுக்கு? முடிஞ்சு போன கத."

"அங்க ஒருத்தி வேல இன்னைக்கு நாலு மணிக்குப் போகப் போகுது சார். தப்பு நம்மளது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். சோறுகூட இல்லாமல் மறைக்கிறவரை அன்றுதான் பார்த்தாள். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அவள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. சமாளி அதைப் படித்திருக்க வேண்டும். மேலாளரின் கணினியைத் தன் பக்கம் திருப்பி ஒரு பக்கத்தைத் திறந்தான்.

"ஊசியப் பாத்து சல்லடை ஓட்டைன்னு சொல்லுச்சாம். இதப் பாருங்க."

'எச்சரிக்கைகளை ஒழுங்குபடுத்துதல்' என்று தலைப்பு. நாற்பத்தொரு கோப்புகள். நாற்பதில் எழுத்துப்பிழைத் திருத்தம், முப்பத்தெட்டாவதில் மட்டும் அந்த இரண்டு வரி. எழுதியது சமாளி. படித்து ஒப்புதல் தந்தது அவள். திறந்த நேரம் பன்னிரண்டு ஐம்பத்தொன்று. ஒப்புதல் பன்னிரண்டு ஐம்பத்தைந்து. அவளுக்கு அந்த நாள் நினைவுக்குக்கூட வரவில்லை. பசித்திருக்கும். முதல் ஐந்து கோப்புகளைப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போயிருப்பாள்.

எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறியது. இதுவரை அவர்கள் மேலிருந்த அருவருப்பெல்லாம் அப்படியே அவள் மேல் திரும்பியது. நாலு நிமிடம்! தங்கச்சியைத் திட்ட எடுத்துக்கொண்டது அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும்.

"பாத்தியா, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றார் மேலாளர் அன்பாக. "நம்ம வீட்டு விஷயம் நம்மளோட இருக்கட்டும்."

அந்த அன்புதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. எழுந்தாள்.

"லேபுக்கு எதாவது அனுப்பினா நாளைக்கு இங்க வர வேணாம்" என்று முதுகுக்குப் பின்னால் மேலாளரின் குரல் கேட்டது.

மணி மூன்று பத்து. பரிசோதனைக்கூடத்தின் தலைமை டாக்டருக்கு மின்னஞ்சல் எழுதினாள். பதிவேட்டின் அந்த நிமிடத்தை இணைத்தாள். நாற்பது தடவை ஓட்டியதில் ஒன்பது தடவை தவறியதை எழுதினாள். அழிக்கப்பட்ட இரண்டு வரிகளை எழுதினாள். கடைசியில், 'இதைப் படிக்காமலே ஒப்புதல் தந்தது நான்' என்று எழுதித் தன் பெயரைப் போட்டு அனுப்பினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சமாளி இன்னும் பல் குத்திக்கொண்டிருந்தான்.

பரிசோதனைக்கூடத்து வராந்தாவில் ஸ்பிரிட் வாடை. நாலே முக்காலுக்குத் தங்கச்சி வெளியே வந்தாள். கையில் அந்தக் கடிதத்தின் நகல் இருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"எம்மேல தப்பில்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. உன் லெட்டர சத்தமாப் படிச்சாங்க."

"என்ன மன்னிச்சிடுடி. நீ சொன்னதுதான் உண்ம."

தங்கச்சி கடிதத்தை மடித்தாள். பிரித்தாள். ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"நாப்பது தடவ ஓட்டிப் பாத்தியா?"

"ஆமா."

"மெஷின நாப்பது தடவ கேட்டிருக்க" என்றாள் தங்கச்சி. "என்னைய ஒரு தடவகூடக் கேக்கலியேக்கா."

கடிதத்தை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, அவளுக்காக நிற்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.